பாறையேற்றம், அப்செய்லிங் (கயிற்றில் இறங்குதல்) பயிற்றுநர் ஆவது எப்படி? கோலாலம்பூரிலிருந்து தொடங்குபவர்களுக்கான முழு வழிகாட்டி

பாறை ஏறத் தெரிவது வேறு. பிறரை ஏற்றிப் பத்திரமாக இறக்கத் தெரிவது வேறு. பயிற்றுநர் சான்றிதழ் சோதிப்பது இரண்டாவதைத்தான். கடினமான பாதைகளை அனாயாசமாக ஏறும் பலர் மதிப்பீட்டில் தோற்கிறார்கள். 6ஏ என்ற நடுத்தரக் கடினத்தைத் தாண்டாத சிலர் முதல் முறையே தேறிவிடுகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் வரிசைதான். முதலில் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள், பிறகு அனுபவம் தேடுகிறார்கள். அப்படிப் போனால் வகுப்பின் மூன்று நாளும் முடிச்சு கற்பதிலேயே கரைந்துவிடும். குழுவை நடத்தும் கலையைக் கற்க நேரம் மிஞ்சாது. கீழே உள்ள வரிசையைக் கலைக்காமல் போனால், வாரம் ஒரு நாள் ஒதுக்கக்கூடியவருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

கயிறு கட்டும் முறைகள் இங்கே வருவது, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று புரிவதற்காக மட்டும். கையில் பழகும்போது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். படித்துவிட்டு நேராக விளிம்புக்குப் போகாதீர்கள்.

தொடங்குமுன் இருக்க வேண்டியவை

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 12 மாதம் ஏறிய அனுபவம் வேண்டும். அது உள்ளரங்கச் சுவரில் மட்டும் கிடைத்ததாக இருக்கக்கூடாது.

நிலையான ஏற்றக் கூட்டாளி ஒருவர் வேண்டும். வாராவாரம் ஆள் மாறினால் உங்கள் கையில் ஊறிய தவறு யாருக்கும் பிடிபடாது. ஆறு மாதம் ஒரே ஆளோடு ஏறினால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

உயரத்தைக் கண்டு வயிறு கலங்குவது தடை அல்ல. அந்தக் கலக்கத்தை அறிந்தவர்தான் விளிம்பில் உறைந்து நிற்கும் மாணவரிடம் சரியாகப் பேசுவார். முடிச்சு போடும் கை நடுங்கும் அளவுக்குப் பயம் இருந்தால் மட்டும், அது தணியும்வரை இந்தப் பாதையில் இறங்க வேண்டாம்.

1. எங்கே, யாருக்குக் கற்றுத்தரப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் சான்றிதழ் தேடுவது, போகும் ஊர் தெரியாமல் பேருந்து ஏறுவது போல. கோலாலம்பூர் வட்டாரத்தில் வேலை நான்கு வகை: உள்ளரங்கச் சுவர்கள், உலு லங்காட், ஜண்டா பாய்க் போன்ற இடங்களில் நடக்கும் முகாம்களின் இரும்புக் கோபுரங்கள், பத்துமலைப் பாறைகள், போட்டி வீரர்களுக்கான பயிற்சி.

நான்குக்கும் கேட்கப்படும் தாள் ஒன்றல்ல. போட்டி வீரர்களைப் பழக்க நினைப்பவருக்குத் தேசிய விளையாட்டுக் கழகத்தின் தேசியப் பயிற்றுநர் சான்றளிப்புத் திட்டம் பொருந்தும். அதில் விளையாட்டு அறிவியல் தனியாகவும், குறிப்பிட்ட விளையாட்டின் நுட்பம் தனியாகவும், நிலைவாரியாக வரும். ஆனால் குன்றின் உச்சியில் கயிறு கட்டிப் பத்துப் பேரை இறக்குவது அந்தத் திட்டத்தின் நோக்கம் அல்ல.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. இராட்டா முதல் நிலைச் சான்றிதழை வைத்துக்கொண்டு "நான் அப்செய்லிங் பயிற்றுநர்" என்று வருபவர்கள் உண்டு. அது உயர்மாடிக் கட்டடங்களிலும் எண்ணெய் மேடைகளிலும் கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்களுக்கானது. நான்கு நாள் பயிற்சி, ஒரு நாள் தேர்வு. தன்னைக் காத்துக்கொண்டு வேலை பார்ப்பதைச் சிறப்பாகவே கற்றுத்தரும். முதல் முறை ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டிய பதின்மூன்று வயதுப் பையனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அதில் இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வேலை செய்ய விரும்பும் இரண்டு மூன்று இடங்களுக்கு எழுதி, எந்தச் சான்றிதழை ஏற்கிறீர்கள், உங்கள் காப்புறுதி எதைக் கேட்கிறது என்று விசாரியுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்டிவிட்டுப் பின்னால் வருந்துபவர்களே அதிகம்.

2. சான்றிதழைத் தேர்ந்தெடுங்கள்

வெளிப்பாறையில் வேலை செய்ய நினைப்பவர்கள் அதிகம் எடைபோட்டுப் பார்ப்பவை இரண்டு. ஒன்று, பிரிட்டனின் மவுண்டன் டிரெய்னிங் அமைப்பு தரும் ராக் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் தகுதி. 2018 வரை அதன் பெயர் சிங்கிள் பிட்ச் அவார்டு; பழைய சான்றிதழ்களில் இன்னும் அந்தப் பெயரைப் பார்ப்பீர்கள். மற்றது அமெரிக்க மலை வழிகாட்டிகள் சங்கத்தின் சிங்கிள் பிட்ச் இன்ஸ்ட்ரக்டர் தகுதி: மூன்று நாள் பயிற்சி, பிறகு தனியாக இரண்டு நாள் மதிப்பீடு.

இரண்டும் ஒற்றைக் கட்டப் பாறைகளுக்கு மட்டுமே. பிரிட்டன் வரையறை தெளிவானது: இடையில் நின்று இளைப்பாறும் கட்டம் இல்லாமல் ஒரே மூச்சில் ஏறக்கூடிய பாறை, மாணவரை எந்தக் கணத்திலும் தரைக்கு இறக்க முடிய வேண்டும், அலை ஏறி இறங்கும் கடலோரப் பாறையாக இருக்கக்கூடாது, போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ தொற்றி ஏறும் ஆபத்து இருக்கக்கூடாது. இதை மனப்பாடம் செய்வதைவிட, நீங்கள் போகும் ஒவ்வொரு பாறையையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். பத்துமலையில் சில பாதைகள் இதற்குள் அடங்கும், சில அடங்கா.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டன் தகுதி டாப்-ரோப் (மேலே முன்கூட்டியே கட்டிய கயிற்றில் ஏறுவது), அப்செய்லிங் இரண்டையும் நடத்த அனுமதிக்கும். லீட் ஏற்றம் (கயிற்றைக் கூடவே கொண்டுபோய், வழியில் மாட்டிக்கொண்டே முதலாவதாக ஏறுவது) கற்றுத்தர அனுமதிக்காது. அதற்கு மேல்நிலைத் தகுதி தனியாக உண்டு. சான்றிதழின் எல்லையைத் தாண்டி வகுப்பு நடத்தி விபத்து நேர்ந்தால், காப்புறுதி முதலில் தேடும் ஓட்டை அதுதான்.

கோபுரத்திலும் சுவரிலும் மட்டுமே வேலை என்றால் அதே அமைப்பின் கிளைம்பிங் வால் இன்ஸ்ட்ரக்டர் தகுதியும், அதனோடு சேர்த்து எடுக்கக்கூடிய அப்செய்ல் பகுதியும் போதும். முகாம் வேலைக்குப் பெரிய தகுதியைத் துரத்தி இரண்டு ஆண்டைச் செலவழிக்கத் தேவையில்லை.

3. ஏற்றக் கணக்கேட்டை இன்றே திறங்கள்

எல்லாத் தகுதிக்கும் நுழைவாயில் கணக்கேடுதான். பிரிட்டன் தகுதியின் மதிப்பீட்டுக்கு முன் குறைந்தது 40 டிராட் பாதைகளை லீட் செய்திருக்க வேண்டும். அவற்றில் பல சிவியர் தரத்திலோ (பிரிட்டன் வரிசையில் தொடக்க நிலைக்குச் சற்று மேல்) அதற்கு மேலோ இருக்க வேண்டும். உள்ளரங்கில் 40 லீட் ஏற்றங்கள் தனி. அமெரிக்கத் தகுதியும் மதிப்பீட்டுக்கு 40 டிராட் லீட் கேட்கிறது.

மலேசியர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இது. டிராட் என்றால் பாறைப் பிளவுகளில் நட், கேம் என்னும் உலோகப் பிடிமானங்களை நீங்களே பொருத்திக்கொண்டு ஏறுவது, பின்னால் வருபவர் கழற்றிக்கொண்டு வருவது. பத்துமலையின் டாமாய், நியாமுக் பகுதிகளில் இருப்பவை பெரும்பாலும் போல்ட் (பாறையில் நிரந்தரமாகப் பதித்த உலோகப் பிடி) அடித்த சுண்ணாம்புப் பாதைகள். பெர்லிஸ் புக்கிட் கெத்ரிக்குப் போனாலும், தாய்லாந்தின் கிராபிக்குப் போனாலும் கதை ஏறக்குறைய இதுவே. தியோமான் தீவின் முக்குட் பக்கம் நிற்கும் இரட்டைக் கருங்கல் கொம்புகளில் டிராட் உண்டு. ஆனால் அவை பல கட்டம் கொண்ட கடினமான பெருஞ்சுவர்கள். கற்றுக்குட்டி கணக்கு ஏற்றும் இடம் அல்ல.

எனவே 40 ஏற்றத்துக்கு வெளிநாட்டுப் பயணம் வேண்டும். ஹாங்காங்கின் பாறைகளையும் யோசிக்கலாம். பிரிட்டனுக்கே போவதானால், பயிற்சி வகுப்புக்கு முன்னதாகவே போய் எளிய தரத்தில் ஏறுங்கள். ஒரு நாளைக்கு நான்கு பாதை என்றாலும் பத்து நல்ல நாள்கள் வேண்டும். மழை நாளையும் சேர்த்தால் மூன்று வாரம். செலவில் பெரும்பங்கு வகுப்புக் கட்டணமாக இருக்காது. விமானச் சீட்டும் தங்குமிடமும்தான் பணத்தைத் தின்னும். திட்டத்தின் முதல் நாளே அதைக் கணக்கில் எடுங்கள்.

கணக்கேட்டில் தேதி, பாறை, பாதை, தரம், லீட் செய்தீர்களா பின்தொடர்ந்தீர்களா, வானிலை, கூட்டாளி ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியில் ஒரு வரி: எது தவறியது, ஏன். மதிப்பீட்டாளர்கள் அந்த வரியைத்தான் ஆசையோடு படிப்பார்கள். எண்ணிக்கையை ஊதிக் காட்டாதீர்கள். நட் வைக்கும் கையை இரண்டு நிமிடம் பார்த்தாலே 40 ஏறியவரா 12 ஏறியவரா என்று தெரிந்துவிடும்.

4. கருவிகளை வாங்கும் வரிசை

முதலில் தலைக்கவசம், ஹார்னஸ், பிலே கருவி (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பதற்கு), பூட்டும் கரபைனர் (திறந்து மூடும் உலோக வளையம்) நான்கு, பெரிய கயிற்றைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் 6 மி.மீ. பிரூசிக் கயிறு இரண்டு துண்டு (ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர்). இவை எப்போதும் உங்களோடு இருக்கும். அடுத்து, விழும்போது நீண்டு அதிர்வைத் தாங்கும் டைனமிக் கயிறு 60 மீட்டர். அதற்குப் பிறகுதான் 11 மி.மீ. குறைநீட்சிக் கயிறு 50 மீட்டர், 120 செ.மீ. ஸ்லிங் (துணிப்பட்டை வளையம்) நான்கு, 240 செ.மீ. ஸ்லிங் இரண்டு, கயிற்றுக் காப்பு உறை இரண்டு. நட்டும் கேமும் கடைசி. ஏனென்றால் எவை தேவை என்று தெரிய இரண்டு பயணமாவது ஆக வேண்டும்.

இஎன் என்னும் ஐரோப்பியத் தர முத்திரையைப் பாருங்கள். டைனமிக் கயிறு இஎன் 892, குறைநீட்சிக் கயிறு இஎன் 1891 ஏ வகை, தலைக்கவசம் இஎன் 12492, கரபைனர் இஎன் 12275. கரபைனர் நீளவாட்டில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்கும், குறுக்குவாட்டில் 7 மட்டுமே. மாணவர் ஆடும்போது கரபைனர் திரும்பிக் குறுக்காக நிற்கிறதா என்று பயிற்றுநர் ஓயாமல் பார்ப்பதன் காரணம் இந்த இரண்டு எண்கள்.

இணையச் சந்தையில் மலிவாக வரும் முத்திரையில்லாக் கரபைனர் பையைத் தொங்கவிட மட்டுமே உதவும். பழைய கயிறும் வேண்டாம். அதன் கடந்த காலம் உங்களுக்குத் தெரியாது.

காரின் பின்பெட்டியில் கயிற்றை வைக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பேட்டரி அமிலம் நைலானை அழிக்கும். அமிலம் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமல் பலவீனமாகி, ஏறுபவர் விழும்போது அறுந்துபோகும். நியாமுக் என்றால் மலாயில் கொசு; அந்தப் பகுதியில், பெயருக்கேற்பக் கொசு அப்பும். கொசு மருந்து பூசிய கையோடு தலைக்கவசத்தைத் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும்.

5. முடிச்சும் பிலேயும்: யோசிக்காமல் வர வேண்டும்

எட்டு முடிச்சு, கிளோவ் ஹிட்ச், இத்தாலியன் ஹிட்ச், அதைப் பூட்டி அவிழ்க்கும் முறை, பிரெஞ்சு பிரூசிக், தட்டை ஓவர்ஹேண்டு. இந்த ஆறும் இருட்டில், ஒரு கையால், யாரோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் வர வேண்டும். பாறையில் உங்கள் மூளை மாணவர்களுக்கு வேண்டும். முடிச்சுக்கு அதில் இடம் இருக்கக்கூடாது.

அதிகம் காணும் தவறுகள் இவை. கயிற்றை ஹார்னஸின் இரண்டு கட்டுப் புள்ளிகள் வழியாகக் கொண்டுபோகாமல் ஒன்றில் மட்டும் கோப்பது. கிரிகிரி என்ற தானே பூட்டும் பிலே கருவியில் கயிற்றைத் தலைகீழாகப் போடுவது. பிலே கயிற்றின் அந்தக் கடைசியில் முடிச்சுப் போடாமல் விடுவது. 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டருக்கு மேற்பட்ட பாதையிலிருந்து ஆளை இறக்கினால், கயிற்று நுனி பிலே கருவியைத் தாண்டி ஓடிவிடும், ஆள் விழுவார். நுனியில் ஒரு முடிச்சு இருந்தால் அது நடக்காது.

கூப்பிடும் சொற்களையும் இங்கேயே பழகுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் கலந்த குழுவில் ஒரே தொகுப்பைத் தேர்ந்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கயிற்றை இறுக்க "டேக்", தளர்த்த "ஸ்லாக்". "டேக் இன் ஸ்லாக்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். காற்றில் பாதி கரைந்து "ஸ்லாக்" மட்டும் காதில் விழும், இறுக்க வேண்டியவர் தளர்த்திவிடுவார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு "இழு", "விடு" என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் "விடு" என்பதைக் கயிற்றையே விட்டுவிடு என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. "தளர்த்து" பாதுகாப்பானது.

6. ஆங்கர்: கோணமும் விளிம்பும்

ஆங்கர் என்பது கயிற்றைத் தாங்கும் பிடிமானம். இரண்டு போல்ட்டை ஒரே புள்ளியில் சேர்க்கும்போது, ஸ்லிங்கின் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள கோணம்தான் சுமையைத் தீர்மானிக்கிறது. 60 பாகையில் ஒவ்வொரு காலும் சுமையில் சுமார் 58 விழுக்காடு ஏந்தும். 90 பாகையில் 71. 120 பாகையில் முழுச் சுமையும் ஒவ்வொன்றின் மேலும் விழும். இரண்டு போல்ட் வைத்த பயனே போய்விடும். 60-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் நீளமான ஸ்லிங் எடுங்கள்.

டாப்-ரோப் கயிறு எப்போதும் உலோகத்தின் வழியாகவே ஓட வேண்டும். நைலான் மேல் நைலான் உரசி ஓடினால் சில வினாடியில் உருகி அறுந்துவிடும்.

போல்ட்டின் பளபளப்பை நம்பாதீர்கள். கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் துருப்பிடிக்காத எஃகும் உள்ளுக்குள் விரிசல் விட்டு, வெளியே புதிதுபோல் நிற்கும். கிராபி பக்கம் டைட்டானியம் போல்ட்டுக்கு மாறியது இதனால்தான். தளர்ந்த தட்டு, சுற்றியுள்ள பாறையில் வெடிப்பு, தட்டினால் பொத்தல் சத்தம்: மூன்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பாதைக்குப் போங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. பிரிட்டன் பாடத்திட்டம், உச்சிக்கு நடந்துபோய் அங்கிருந்து கயிறு கட்டுவதை மையமாகக் கொண்டது. பத்துமலையில் பெரும்பாலான பாதைகளின் உச்சிக்கு நடைவழி கிடையாது. மேலே கூரான சுண்ணாம்புக் கத்திகளும் காடும்தான். எனவே இங்கே மட்டும் பழகியவர் மதிப்பீட்டில் விளிம்புவேலைக்கு வரும்போது திணறுகிறார். முகாம் கோபுரத்தின் மேல்தளத்தில் அனுமதி வாங்கி, மரத்திலும் தூணிலும் கயிறு சுற்றி, விளிம்புக்கு உறை போட்டு, முப்பது முறையாவது கட்டி அவிழ்த்துப் பழகுங்கள்.

7. அப்செய்லிங் தளம்: இங்கே நிதானமாக இருங்கள்

குழு அப்செய்லிங் பார்க்க எளிது, தவறினால் கொடியது. காரணம், ஏற்றத்தில் பாதுகாப்பு பிலே செய்பவர் கையில் இருக்கிறது. இறக்கத்தில், எதுவும் தெரியாத மாணவர் கையில் இருக்கிறது. அந்தக் கை விட்டுவிட்டாலும் ஆள் பிழைக்க வேண்டும். முழு அமைப்பும் இந்த ஒரு கேள்விக்கான பதில்.

அ) பயிற்றுநர் முதலில் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் உள்ளே ஒரு கோடு வகுங்கள். அதற்கு அப்பால் கட்டப்படாத மனிதர் எவரும் இருக்கக்கூடாது. மதிப்பீட்டில் தோற்க மிக விரைவான வழி, மாணவருக்கு எல்லாம் சரிபார்த்துவிட்டுத் தான் கட்டாமல் விளிம்பில் நிற்பது.

ஆ) இறங்கு கயிறு அவிழ்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். குறைநீட்சிக் கயிற்றை இத்தாலியன் ஹிட்ச்சில் போட்டு, அதைப் பூட்டிக் கட்டுங்கள். மாறாமல் நிற்கும் எட்டு முடிச்சால் கட்டிவிட்டால் சுமை ஏறிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. 15 மீட்டர் உயரத்துக்குக் கீழே தொங்க 15 மீட்டர், மாணவரைத் தரைவரை விட்டுக்கொடுக்க மேலே இன்னொரு 15, முடிச்சுக்கும் கைப்பிடிக்கும் கொஞ்சம். ஆக 35 மீட்டருக்குக் குறைந்த கயிறு போதாது. 20 மீட்டர் கயிற்றில் 15 மீட்டர் அப்செய்ல் கட்டியிருப்பதைப் பார்த்தால், அவருக்கு மீட்புத் திட்டம் இல்லை என்று பொருள்.

இ) காப்புக் கயிறு தனியானது. டைனமிக் கயிறு, தனி ஆங்கரில், உங்கள் கையில், இத்தாலியன் ஹிட்ச்சில். மாணவர் கோட்டைத் தாண்டுமுன் முதலில் காப்புக் கயிறு, அதன் பிறகே இறங்கு கருவி. வரிசை மாறினால், கருவி மாட்டும் அந்த ஒரு நிமிடம் அவர் விளிம்பில் காப்பின்றி நிற்பார்.

ஈ) கருவிக்குள் எது போகும் என்று பாருங்கள். பின்னல், துடோங் (முக்காடு) நுனி, தொளதொளச் சட்டை, தாலிச்சங்கிலி. எட்டு வடிவக் கருவி முடியை உள்ளே இழுத்துக்கொண்டால், தொங்கும் உடல் எடை முழுதும் தலைமுடியில் விழும். பின்னலைச் சட்டைக்குள் விட்டுத் தலைக்கவசத்தை மாட்டச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றச் சொல்லாதீர்கள், எல்லார் முன்னாலும் அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். "அக்கா, சங்கிலியைச் சட்டைக்குள்ள விட்டு மேல் பட்டனைப் போட்டுக்குங்க" என்று தனியாகச் சொன்னால் போதும். மோதிரம் மட்டும் கழற்றியே ஆக வேண்டும். பாறையில் மாட்டினால் விரலையே உரித்துவிடும்.

உ) சிக்கினால் என்ன செய்வது என்பதைக் குழு வருமுன் ஒரு முறை செய்து பாருங்கள். காப்புக் கயிற்றை இறுக்கிப் பூட்டுங்கள். மாணவரிடம் நிதானமாகப் பேசுங்கள். இறங்கு கயிற்றின் பூட்டை அவிழ்த்து, கருவியின் மேல் சுமை இல்லாமல் போகும்வரை கொஞ்சம் விடுங்கள். முடி விடுபட்டதும் காப்புக் கயிற்றிலேயே தரைக்கு இறக்குங்கள். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் முடியும்வரை மணல்மூட்டையைத் தொங்கவிட்டுப் பழகுங்கள். கத்தி கழுத்தில் தொங்கலாம், ஆனால் அது கடைசி வழி. இழுவிசையில் இருக்கும் கயிறு கத்தி பட்டதுமே அறுந்துவிடும். அறுத்த கயிறு எது என்று ஒரு நொடி குழம்பினால் போதும்.

ஊ) மெலிந்த பிள்ளைகள். 20, 25 கிலோ எடையுள்ள பிள்ளை 11 மி.மீ. கயிற்றில் நகராமல் நடுவே தொங்கி அழத் தொடங்கும். உராய்வு குறைந்த முறையில் கயிற்றைப் போடுங்கள், அல்லது பேசாமல் காப்புக் கயிற்றில் இறக்கிவிடுங்கள். இடுப்பு உருவாகாத சிறு பிள்ளைக்கு இடுப்பு ஹார்னஸ் மட்டும் போதாது; தலைகீழானால் நழுவும். முழு உடல் ஹார்னஸ் வையுங்கள்.

8. முதலுதவியும் வானிலையும்

மலேசிய செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. வெளிநாட்டுத் தகுதிகள் பொதுவாக 16 மணி நேர வகுப்பைக் கேட்கும். அரை நாள் சிபிஆர் வகுப்பு ஏற்கப்படாது. மதிப்பீட்டு நாளில் சான்றிதழ் காலாவதியாகியிருக்கக்கூடாது. ஆகவே முதல் ஆண்டிலேயே எடுத்துவிடாமல், மதிப்பீட்டுக்கு ஆறேழு மாதம் முன் எடுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வரும். காலை 7.30-க்குத் தொடங்கி 1 மணிக்குள் கயிற்றைச் சுருட்டும்படி திட்டமிடுங்கள். இடி கேட்டால் இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். குளவிக்கூடு, தேன்கூடு இருக்கிறதா என்று குழு வருமுன் அண்ணாந்து பாருங்கள். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது. குரங்கு சாப்பாட்டுப் பையை மட்டுமல்ல, முதலுதவிப் பையையும் தூக்கும், மரத்தில் தொங்கவிடாதீர்கள்.

தைப்பூசத்தையொட்டிய நாள்களில் பத்துமலைக்குக் குழுவை அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் இருப்பது கோவிலுக்கு மறுபக்கம் என்றாலும் சாலைகள் திணறும். 999-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேரும் என்று கணிக்க முடியாது.

9. உதவியாளராக வேலை செய்யுங்கள்

பிரிட்டன் தகுதிக்கு 20 அமர்வுகளில் உதவியிருக்க வேண்டும், அவற்றில் குறைந்தது 10 வெளிப்பாறையில். இந்த எண்ணிக்கையை வேகமாக முடிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு அமர்விலும் ஒரே ஒரு பொறுப்பை மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஒரு நாள் ஹார்னஸ் சரிபார்ப்பு, இன்னொரு நாள் ஒரு கயிறு, இன்னொரு நாள் தொடக்க விளக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டால் எதிலும் கை படியாது.

மூத்த பயிற்றுநர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். அவர் கையைப் பார்ப்பதைவிட இது முக்கியம். இரண்டு கயிறு ஓடும்போது இரண்டு பிலே கையையும் பார்க்கும் ஒரே இடம் ஒன்று இருக்கும். அனுபவசாலிகள் தன்னையறியாமல் அங்கே போய் நிற்பார்கள். புதியவர், அழகாக ஏறுபவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, பிலே செய்பவரின் கையைக் கோட்டை விடுவார்.

எடைக் கணக்கையும் பழகுங்கள். 35 கிலோ பெண், 80 கிலோ அண்ணனைப் பிலே செய்தால் அவள் மேலே பறப்பாள். தரையில் ஆங்கர் போடுங்கள், அல்லது பின்னால் கயிற்று வாலைப் பிடிக்க இன்னொருவரை நிறுத்துங்கள்.

10. பயிற்சி வகுப்பு, அதன் பின் இடைவெளி

இப்போது வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். இரண்டு மூன்று நாள் ஓடும். தேர்ச்சி, தோல்வி இல்லை; எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்வார்கள். பயிற்றுநர் சொல்லும் குறைகளைச் சொல் மாறாமல் எழுதி வாங்குங்கள்.

வகுப்பையும் மதிப்பீட்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், விமானச் செலவு மிச்சம் என்று. அது மிச்சம் அல்ல. எழுதி வாங்கிய குறைகளைத் திருத்த குறைந்தது ஆறு மாதம் வேண்டும். புதிதாகக் கற்ற முறை நெருக்கடியிலும் தானாக வர அவ்வளவு காலம் பிடிக்கும். தோற்றால் இரண்டாவது பயணச் சீட்டும் உங்கள் செலவுதான்.

11. மதிப்பீட்டில் எதைப் பார்க்கிறார்கள்

லீட் செய்யச் சொல்வார்கள். தரம் எளிதாகத்தான் இருக்கும். பார்ப்பது நட், கேம் வைக்கும் நேர்த்தி, கயிறு பாறையில் உரசாமல் ஓடும் போக்கு, உச்சியில் கட்டும் ஆங்கர்.

பிறகு உண்மையான மாணவர்கள் வருவார்கள். பேச்சைக் குறையுங்கள். இருபது நிமிட விளக்கம் கேட்டு வெயிலில் நிற்கும் குழு எதையும் நினைவில் வைக்காது. மூன்று நிமிடம் சொல்லி, செய்ய விட்டு, திருத்துங்கள்.

கடைசியில் சிக்கல்கள் தருவார்கள்: நடுவே உறைந்த ஏறுபவர், மயங்கியவர், பிலேயிலிருந்து வெளியேறுவது. இங்கே தோற்பவர்களில் பாதிப் பேர் தெரியாமல் தோற்பதில்லை. சிக்கலான முறையை முதலில் எடுத்ததால் தோற்கிறார்கள். முதலில் பேசிப் பாருங்கள், பிறகு இறக்கிப் பாருங்கள், பிறகு மேலிருந்து சிறிது தூக்கி உதவுங்கள். நீங்களே கயிற்றில் இறங்கிப் போவது எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் நீங்கள் போய்விட்டால் மேலே மீதிக் குழுவுக்கு ஆள் இல்லை.

12. சான்றிதழ் வந்த பிறகு

வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலாளி இடர் மதிப்பீடு செய்தாக வேண்டும். எனவே நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் ஹிரார்க் ஆவணத்தை (ஆபத்துகளையும் இடர்களையும் கண்டறிந்து கட்டுப்படுத்தும் பதிவு) கேளுங்கள். அதில் உங்கள் தளம் பெயரோடு இருக்க வேண்டும். வேறொரு கோபுரத்துக்கு எழுதியதை நகலெடுத்து வைத்திருந்தால் உங்கள் தளத்துக்குப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

தனியாக வேலை எடுப்பவர் பொதுப் பொறுப்புக் காப்புறுதியை வாங்குங்கள். அதன் விலக்குப் பட்டியலில் பாறையேற்றமும் அப்செய்லிங்கும் இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். சாதாரண விளையாட்டுக் காப்புறுதியில் அவை விலக்கப்பட்டிருப்பது சகஜம். உங்களுக்கு அடிபட்டால் என்ன என்பதற்கு பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சுயதொழில் திட்டத்தைப் பாருங்கள். பேருந்தும் தங்குமிடமும் சேர்த்துப் பொதியாக விற்க நினைத்தால், 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டுமா என்று சுற்றுலா அமைச்சில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கருவிகளுக்கு ஒரு குறிப்பேடு போடுங்கள். வாங்கிய தேதி, தயாரித்த தேதி, எண், பயன்படுத்திய நாள்கள், யார் சோதித்தது. துணிப்பொருள்களுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்ச வரம்பு, தொடாமலே வைத்திருந்தாலும் 10 ஆண்டு. வாராவாரம் குழு ஏறும் கயிறு அதில் சிறு பகுதியைக்கூடத் தாங்காது. ஒதுக்கிய கயிற்றை அப்படியே மூலையில் போடாமல் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் அடுத்த முகாமுக்கு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.